நான் வழிகாட்டாத கப்பல்

இதை எழுதியே ஆகவேண்டும் என்னும் நிலை எனக்கு ஒரு பொன்னாடையால் வந்தது. சென்ற சித்திரைத் திருநாளை ஒட்டி, புசா சாலைப் பக்கத்துப் பள்ளி அரங்கு ஒன்றில் தில்லித் தமிழர் கூடிய விழாவில், அதை என் தோளில் போர்த்தினார்கள். தென்துருவக் கண்டத்தின் உறைபனிக்கு வெளியே வழியறியாது நின்ற கப்பலுக்குத் தில்லியில் அமர்ந்தவாறே வழிகாட்டி, என் மருமகனை மீட்டவன் நான் என்று மேடையில் சொல்லப்பட்டது. கண்டம் மெய், கப்பல் மெய், மருமகன் மீண்டதும் மெய். நான் வழிகாட்டியது மட்டும் மெய்யன்று. அங்கேயே மறுத்தேன். மறுப்பை அடக்கம் என்று கொண்டு கைதட்டினார்கள். பேச்சைக் கைதட்டலால் மூடிவிடலாம். எழுத்தை அவ்வாறு மூட இயலாது என்று நம்பி, நடந்ததை நடந்தபடி இங்கே வைக்கிறேன்.

நான் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தில் சரோஜினி நகர்க் குடியிருப்பில் இருந்தேன். மனைவி மறைந்தபின், முனிர்காவில் ஓர் அடுக்கு வீட்டின் மூன்றாம் தளத்தில் மகளோடு இருக்கிறேன். மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் கணவர் படைத்துறையில் ஊர்திகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருப்பவர், திருநெல்வேலிப் பக்கத்தவர். தென்துருவக் கண்டத்தில் நம் நாட்டு ஆய்வு நிலையம் ஒன்றில் உறைபனி ஊர்திகளைப் பேணும் வேலைக்குத் தாமே விரும்பிப் பெயர் கொடுத்து, ஓராண்டுக்கும் மேலாக அங்கே தங்கச் சென்றார். மருமகளுக்குத் துணையாக அவருடைய தாயார் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். ஆகவே வீட்டில் நாங்கள் மூவர்.

அங்கே கோடை தொடங்கும் பருவம், இங்கே குளிர் தொடங்கும் பருவம். அப்படியொரு மார்கழி முற்பகலில் மகள் கைப்பேசியைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

"வண்டி செயின்ல ஒறைஞ்ச ஐஸைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கார். ஒரு துண்டு தெறிச்சு இடது கண்ணுல பட்டிருச்சாம். டாக்டர் பாத்துட்டார். ரெட்டினா பிரியுதாம்."

சம்பந்தி அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "பிரிஞ்சா என்னட்டி? ஒட்டவைக்க முடியாதா?"

"முடியும் அத்தை. அங்க ஆபரேஷன் பண்ற வசதி இல்ல. கேப் டவுன் போகணும். ஜல்தி போகணும். நாள் ஆக ஆக, பண்ணினாலும் பார்வை வராதாம்."

எங்கள் மூவருக்கும் அந்தப் பருவம் முழுதும் இருந்தது இந்த ஒரே கவலைதான்: விழித்திரை முற்றும் விலகுமுன் அவர் அறுவை மேசையை அடைவாரா என்பது. சிறு வானூர்தி இறங்கும் உறைபனித் தளம் கோடை வெயிலில் இளகிப் பயனற்றுக் கிடந்தது. ஆண்டுக்கொரு முறை பொருளும் ஆளும் ஏற்றிவரும் கப்பல் கடலில் வந்துகொண்டிருந்தது. கரையோடு ஒட்டிப் படர்ந்த உறைபனியின் விளிம்பை அது ஓரளவு உடைத்து உள்ளே வந்தால்தான், அதன் மேல்தளத்து ஹெலிகாப்டர் நிலையத்துக்குப் பறந்து அவரை எடுத்துவர இயலும். எனவே எல்லாம் உறைபனியைப் பொறுத்திருந்தது.

அந்த உறைபனியைப் பார்க்கும் தொழில்தான் என்னுடையது. பார்ப்பதற்கு உதவும் தொழில் என்றால் இன்னும் பொருந்தும். செயற்கைக்கோள்கள் எடுத்து அனுப்பும் படங்களைத் தொகுத்துவைக்கும் பிரிவில் இருந்தேன். படங்கள் கிடங்கில் மலையாகக் குவியும். இன்ன இடத்தின், இன்ன நாளின் படம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அதைத் தேடித்தரும் மென்பொருளை உருவாக்கிய சிறு குழுவில் நானும் ஒருவன். அம்மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை. உலக உருண்டையின் மேல் அப்படம் மூடும் பரப்பின் எல்லையை மட்டுமே அது அறியும். கேட்பவர் தமக்கு வேண்டிய பரப்பை ஒரு கட்டமாக வரைவார். இவ்விரு பரப்பும் எங்கேனும் தொடுகின்றனவா என்று மென்பொருள் கணக்கிடும். தொட்டால் படம் வரும், தொடாவிட்டால் வராது.

தாளில் இது குழந்தை விளையாட்டு. நிலவுலகு தாள் அன்று. அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றை, அதாவது பள்ளியில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று படித்தவற்றை, கணக்குத்தாளின் கட்டங்களைப்போல் கருதிவிட்டால் தில்லியிலும் மதுரையிலும் பெரும்பிழை நேராது. துருவத்தை நெருங்கினால் அந்தக் கட்டங்கள் நெருங்கிச் சுருங்கி வட்டமாகிவிடும். உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, அவ்வுருண்டையைச் சரிபாதியாகப் பிளக்கும் பெருவட்டத்தின் ஒரு வில். உருண்டைக்கு அதுவே நேர்கோடு. ஆகவே கேட்பவர் மூலைகளைக் குறித்து வரையும் கட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் அத்தகைய வில்லாகவே கொள்ளப்படவேண்டும் என்று எங்கள் குழுவில் நான் வாதிட்டேன். மேலலுவலர் நாற்காலியில் சாய்ந்து, "அரே சாஹப், இங்கே உட்கார்ந்துகொண்டு துருவத்தை யார் தேடப்போகிறார்கள்?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். ஆயினும் விட்டுக்கொடுத்தார். இன்று இணையத்தில் எவரும் பயன்படுத்தும் அயல்நாட்டுத் தேடுகருவிகள் சிலவும் அவ்வாறே கணக்கிடுகின்றன. அது என்னால் அன்று, கணக்கு அப்படிப்பட்டது.

கண்ணில் அடிபட்ட செய்தி வந்த மறுநாளே மகள் தன் மடிக்கணினியை உணவு மேசையில் என் முன் வைத்தாள். மூடுபனியும் புகையும் சேர்ந்து ஊரை மூடியிருந்ததால் அவள் அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தது. பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டடம் தெரியாது. அதன் மாடியில் காயப்போட்ட ஒரு சிவப்பு ரஜாய்ப் பஞ்சுப்போர்வை மட்டும் மிதப்பதுபோல் தெரியும்.

"அப்பா, நீங்க ரிடையர் ஆனாலும் இது மறக்காதுல்ல? பாருங்க. டெய்லி பாருங்க."

"பார்த்து என்னம்மா செய்வது?"

"எனக்குத் தெரியாது. யாராவது பாத்துக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

அவள் திறந்திருந்த இணையத் தேடுகருவியின் பொத்தான்கள் நான் அறிந்த காலத்தவை அல்ல. ஆகவே அவளே வரைந்தாள். நான் அருகிருந்து சொன்னேன். முதலில் நெட்டுவாக்கில் பெரிய கட்டம் வரைந்தாள். கப்பல் வரும் கடல் முழுதும் அதில் அடங்கிற்று. திறந்த கடலின் படங்கள் கணக்கின்றிக் கொட்டின. அவற்றால் பயனில்லை. எனவே மேற்பக்கத்தைக் கீழே இறக்கிக் கரைக்குச் சற்றே மேலே நிறுத்தினாள். அதற்கு ஈடாக, இடமும் வலமும் மூலைகளை வெகுதொலைவு தள்ளினாள்.

"இவ்வளவு அகலம் எதற்கு?" என்றேன்.

"எதுவும் விட்டுப்போகக் கூடாதுப்பா. சேஃபா இருக்கட்டும்."

திரையில் தெரிந்த வரைபடத்தில் கட்டம் நீண்ட செவ்வகமாக நின்றது. நிலையம் இருந்த இடம் அதன் மேற்பக்கத்துக்கு உள்ளே, ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. சம்பந்தி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "இதுக்குள்ளயா இருக்கான்?" என்று கேட்டுத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றுமுதல் காலைக் காப்பி ஆனதும் தேடுவது வழக்கமாயிற்று. படங்கள் வந்தன. பரந்த நிலப்பரப்பை மங்கலாகக் காட்டும் படங்களில் எங்கள் கரை இருந்தது. ஆனால் முகில் மூடிய வெண்மையாக இருந்தது. முகிலையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படங்கள், உறைபனியின் கீறலைக்கூடக் காட்டும் நுண்ணிய படங்கள், எங்கள் கரைக்கு மட்டும் வரவேயில்லை. அந்தச் செயற்கைக்கோள் இப்பருவத்தில் அப்பகுதிக்குமேல் செல்லவில்லை போலும் என்று முடிவுசெய்தோம். அப்படி நடப்பது உண்டு.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒங்க பொட்டி என்ன சொல்லுது?" என்று சம்பந்தி அம்மாள் அடுப்படியிலிருந்து கேட்பார்.

"முகில்தாம்மா."

"முகில்னா?"

"மேகம் அத்தை," என்பாள் மகள். "அப்பா மேகம்னு சொன்னா ஃபைன் போட்டுடுவாங்க."

மருமகனும் பேசுவார். அங்கிருந்து வரும் குரல் சற்றுத் தாமதித்து வரும். எனவே அவர் நகைச்சுவைக்கு நாங்கள் சிரிப்பதும் தாமதித்தே அவரை எட்டும்.

"மாமா, டெல்லில குளிரு எப்படி?"

"எதிர்வீடு தெரியல மாப்பிள்ளை."

"அப்போ நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான். எனக்கும் இடது பக்கம் எதிர்வீடு தெரியல. ஆனா இங்க ரூமுக்குள்ள பனியன் போதும் மாமா. அங்கதான் ரஜாய்க்குள்ள கெடப்பிய."

"வலி இருக்கா?"

"வலி இல்ல. ஒரு ஓரத்துல திரை இறங்குத மாதிரி இருக்கு. தெனமும் கொஞ்சம் கீழ வருது." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒத்தக் கண்ணனுக்கு வண்டி குடுக்கமாட்டான் மாமா. அம்மாகிட்ட இதச் சொல்லவேண்டாம்."

வண்டி ஓட்டுவதே அவருக்கு வாழ்க்கை. பெண் பார்க்க வந்த நாளில் என் பழைய காரின் ஓசையைக் கேட்டு, பெண்ணைப் பார்க்குமுன் அதன் முகப்பைத் திறந்து பார்த்தவர் அவர். அன்று அவரிடம், "பார்த்துக்கொண்டிருக்கிறேன் மாப்பிள்ளை," என்றேன். வேறென்ன சொல்வது? பார்ப்பது ஒன்றே என் கையில் இருந்தது. அதுவும் முகிலாக இருந்தது.

ஒருநாள் முற்பகல், வந்த நுண்படங்களின் எல்லைகளை வரைபடத்தில் ஒருங்கே காட்டுமாறு மகளிடம் சொன்னேன். எங்கள் கரைக்கு மேற்கே வெகுதொலைவில் சில படங்கள். கிழக்கே வெகுதொலைவில் சில. தெற்கே, உள்நாட்டு உறைபனிமேட்டில் சில. எங்கள் கரையில் மட்டும் ஒரு வெற்றிடம். அவ்வெற்றிடத்தின் கீழ் விளிம்பு நேராக இல்லை. தொங்கும் மாலையைப்போல் வளைந்திருந்தது. மேற்கும் கிழக்கும் விழித்திருக்கும் செயற்கைக்கோள் நடுவில் மட்டும் கண்ணை மூடுமா?

அலுவலகத்தார் ஓய்வின்போது எனக்குக் கொடுத்த உலக உருண்டை ஒன்று அலமாரியில் இருந்தது. கணவர் புறப்பட்ட நாளில் மகள் அதில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். தென்துருவம் தாங்கியின் திருகாணிக்குள் மறைந்திருக்கும். ஆகவே உருண்டையைக் கழற்றித் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டேன். சம்பந்தி அம்மாள் தரையில் அமர்ந்து பூசைக்குச் சாமந்தி கோத்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி அம்மா, அந்த நூல்ல ஒரு சாண் கொடுங்க."

"பொத்தான் தைக்கவா அண்ணாச்சி? கொண்டாங்க, நான் தச்சுத் தாரேன்."

"பொத்தான் இல்லை. ஒன்றைப் பார்க்கணும்."

கட்டத்தின் மேற்கு மூலை இருந்த இடத்தில் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்துமாறு மகளிடம் சொன்னேன். மறுமுனையைக் கிழக்கு மூலையில் நான் பிடித்தேன். தளர்ந்திருந்தபோது அகலக்கோட்டின் மேலேயே நூலைப் படியவைக்க முடிந்தது. சிவப்புப் புள்ளி நூலுக்கு உட்பக்கம், துருவத்தின் பக்கம் இருந்தது. "இப்போது இழும்மா," என்றேன். இழுத்தாள். இறுக இறுக நூல் வழுக்கிக்கொண்டு துருவத்தை நோக்கி நகர்ந்தது. சிவப்புப் புள்ளியைத் தாண்டிப் போய் நின்றது. புள்ளி வெளியே கிடந்தது.

மகள் விரலை எடுக்கவில்லை. "ஆனா ஸ்க்ரீன்ல உள்ளதானே இருந்தார்?"

"திரை தட்டை, அம்மா. திரை கோட்டை நேராக வரைந்து காட்டியது. தேடியது இந்த நூலின் வழியில்."

"அகலமா போட்டதாலயா?"

அவ்வாறுதான். மூலைகள் விலக விலக நடுவில் வில் மேலும் உள்வாங்கும். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று அவள் சேர்த்த அகலம்தான் அவள் கணவரைக் கட்டத்துக்கு வெளியே தள்ளிற்று. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளே கண்டுகொண்டாள். சம்பந்தி அம்மாள் ஊசியைப் பூவில் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அப்போ இத்தனை நாளும் எம்புள்ளை கட்டத்துக்கு வெளியிலயா நின்னான்?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அச்சா, இப்ப என்ன பண்ணணும்? சொல்லுங்க," என்றாள்.

கட்டமே வேண்டாம், நிலையம் இருக்கும் ஒற்றைப் புள்ளியையே கேள்வியாகக் கொடு என்றேன். கொடுத்தாள். படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. அத்தனை நாளும் அந்தச் செயற்கைக்கோள் எங்கள் கரைக்குமேல் சென்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

இருப்பவற்றுள் புதிய படத்தைத் திறந்தோம். கரையோடு ஒட்டிய உறைபனி சாம்பல்நிறத் தகடாகக் கிடந்தது. கடல் விளிம்பிலிருந்து கரையை நோக்கி அதில் ஒரு கருங்கோடு. பிளவு. கப்பல் நுழையும் அகலம் அதற்கு உண்டா என்று அளந்தேன், உண்டு. அந்தப் பிளவின் உள்முனைவரை கப்பல் வந்தால் ஹெலிகாப்டருக்கு நிலையம் எளிதில் எட்டும்.

"இது வழியா அண்ணாச்சி? கப்பலு இதுல வரலாமா?"

"வரலாம் போலத்தான் இருக்கு."

சம்பந்தி அம்மாள் கைகூப்பினார். படத்தை நோக்கியா என்னை நோக்கியா என்று தெரியவில்லை. பிற்பாடு ஊரெல்லாம் பரவிய கதை அந்த நொடியில்தான் பிறந்திருக்கவேண்டும்.

பிளவைக் குறியிட்டு, தொலைவுகளை எழுதி, என்னிடம் பணிபயின்று இப்போது அலுவலகத்தில் உயர்ந்த இடத்தில் இருக்கும் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கப்பலோடு தொடர்பிலிருப்பவர்களை அவர் அறிவார். பிற்பகலில் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நீங்க அனுப்புனதப் பாத்தேன். ரொம்ப அழகா குறிச்சிருக்கீங்க."

"கப்பலுக்குப் போயிற்றா?"

"சார்... இந்தப் படம் கப்பல்ல ஏற்கெனவே இருக்கு. அவங்களுக்கு நேரடியா இறங்கிடும். நமக்குப் பொதுவுல வர்றதுக்குள்ள ஒரு நாள் ஆயிடுது இல்லையா? காத்து திரும்பிடுச்சு சார். அந்தப் பிளவு இப்ப இல்ல."

"இல்லையா?"

"மூடிக்கிச்சு. கேப்டன் வேற பக்கம் பாத்துக்கிட்டிருக்கார். நீங்க எதுக்கு சார் இந்தக் குளிர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகிட்டு... ரெஸ்ட் எடுங்க சார்."

அவர் பேச்சில் குறை ஒன்றும் இல்லை. அன்போடுதான் சொன்னார். எங்கள் பிழையால் யாருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. அந்தப் பிழையைத் திருத்தியதால் யாருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை. முதல் நாளே கட்டத்தைச் சரியாக வரைந்திருந்தாலும், எங்களுக்கு முன்பே பார்க்கவேண்டியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். மகள் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதற்கு இது போதிய சான்று. அவளிடம் அதைச் சொன்னபோது அவள் தேறவில்லை, முன்னிலும் வாடினாள். பிழையால் தீங்கு விளைத்தவர்க்காவது நடந்ததில் ஒரு பங்கு இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

அடுப்படியில் நெய் மணந்தது. வழி திறந்ததென்று சம்பந்தி அம்மாள் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். நிலைப்படியில் நின்று செய்தியைச் சொன்னேன். கிண்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"மூடிட்டா?"

"மூடிட்டுதாம்மா."

"மூடுனா தெறக்கும் அண்ணாச்சி. நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது தேடல் பிழையற்றது. ஒவ்வொரு முற்பகலும் நேற்றைய உறைபனி, கீறல் கீறலாக, என் முன் வந்து நின்றது. சில நாள் பிளவு தெரியும். தெரிந்த பிளவு இந்நேரம் மூடியிருக்கலாம். சில நாள் தெரியாது. தெரியாத பிளவு இந்நேரம் திறந்திருக்கலாம். உலகின் எந்தப் புள்ளியையும் துல்லியமாகக் கேட்கவும் பெறவும் ஒரு கருவி வேண்டும் என்று வாழ்நாளில் பாதியைச் செலவிட்டவன் நான். கிடைத்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் கண்ணில் நாள்தோறும் இறங்கும் திரையை ஒரு நூலளவும் நிறுத்த முடியவில்லை. மூடுபனி விலகும் நண்பகல் வேளையில் பால்கனியில் நாற்காலி போட்டு அமர்வேன். கீழே நிலக்கடலை வண்டிக்காரர் மணலில் கடலை வறுப்பார். அக்கம்பக்கத்தார் மேலே பார்த்து, "பாபுஜி, தாமாத்ஜி எப்படி இருக்கார்?" என்று இந்தியில் மருமகனை விசாரிப்பார்கள். கையை அசைப்பேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலைப்பொழுது மகள் கைப்பேசியோடு ஓடிவந்தாள். "ஏத்திட்டாங்கப்பா! ஹெலிகாப்டர்ல ஏத்திட்டாங்க! கப்பல்ல இருக்கார்!" சம்பந்தி அம்மாள் பூசை விளக்கை ஏற்றப் போனார். கப்பல் நான் குறித்துக்காட்டிய பக்கமாக வரவில்லை. அதற்கு வெகு கிழக்கே, பிளவே இல்லாத இடத்தில், பின்வாங்கியும் மோதியும் உறைபனியை உடைத்துத் தன் வழியைத் தானே செய்துகொண்டு வந்திருந்தது. மறுநாள் வந்த படத்தில் அவ்வழி மயிரிழைபோல் ஒரு கருங்கோடாகத் தெரிந்தது. அவர் அதன் வழியே கடலுக்குச் சென்றுவிட்ட பிறகே அதை நான் கண்டேன். இதைவிடத் தெளிவாக நான் எதையும் சொல்ல இயலாது.

கேப் டவுனில் அறுவை நடந்தது. மருத்துவர் முடிந்ததைச் செய்தார். விழித்திரை நெடுநாள் விலகிக் கிடந்துவிட்டது என்றார். இடக்கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் அசைவு தெரியும், அவ்வளவே. தில்லி விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வந்தபோது மருமகன் முன்னிருக்கையில் அமர்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். "வலது பக்கம் ஒரே ஜாம் மாமா. இடது பக்கம் டெல்லியே காலி," என்றார். ஓட்டுநர்கூடச் சிரித்தார். பின்னிருக்கையில் மகள் சிரிக்கவில்லை. சில கிழமைகளில் அவரை ஊர்திப் பிரிவிலிருந்து உதிரிப்பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள்.

இதற்குள் சம்பந்தி அம்மாள் கோயில் வாசலில் யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, கதை வளர்ந்து விழாக் குழுவை எட்டிவிட்டது. வாழ்த்து வழங்கும் நிகழ்ச்சி என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். மருமகனுக்கு என்று நினைத்துச் சென்றேன். மேடையில் ஒருவர் ஒலிவாங்கியை இறுகப் பற்றிக்கொண்டு, "அண்டார்க்டிகாவுக்கே வழி காட்டிய தமிழன் இதோ!" என்று முழங்கினார். பொன்னாடை விழுந்தது. நான் ஒலிவாங்கியை வாங்கி, "அன்பர்களே, நான் ஒன்றும் செய்யவில்லை. நான் பார்த்த வழி மூடிவிட்டது. கப்பல் வேறு வழியில் வந்தது," என்றேன்.

"பாத்தீங்களா!" என்றார் அவர் கூட்டத்தை நோக்கி. "இதுதாங்க பெரிய மனுஷங்க லட்சணம்!"

"ஐயா, இது அடக்கம் அன்று. உண்மை."

கைதட்டல் இரட்டித்தது. கீழே முதல் வரிசையில் மருமகன் கறுப்புக் கண்ணாடியோடு அமர்ந்து எல்லோரையும்விட உரக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் சம்பந்தி அம்மாளிடம் கேட்டேன். "ஏம்மா இப்படிச் சொன்னீங்க?"

"நான் பொய்யா சொன்னேன் அண்ணாச்சி? நீங்க நாள்பூரா அது முன்னாலயே இருந்தியளா இல்லையா?"

"இருந்தேன். இருந்து ஒன்றும் ஆகவில்லையே."

"அவன் உசுரோட வந்தான்லா?" என்று சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்து அலமாரியில் வைக்கப் போனார். அவரிடம் மேலும் வழக்காட எனக்கு நெஞ்சு வரவில்லை.

மருமகன் உணவு மேசையில் வந்து அமர்ந்தார். "விடுங்க மாமா. போத்துனா போத்திக்கணும். அந்தப் படத்த எனக்குக் காட்டவேயில்லையே நீங்க?"

கப்பல் வந்த நாளுக்கு முந்திய படத்தைத் திறந்துகொடுத்தேன். நிலையம் இருந்த இடத்தைச் சுட்டினேன்.

"இதுல நான் இருக்கேனா?"

"இருக்கிறீர்கள். ஆனால் இந்தப் படத்தின் ஒரு புள்ளிக்குள் இந்த வீட்டைப்போல் பல வீடு அடங்கும் மாப்பிள்ளை. ஆள் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வலக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, திரை மூக்கில் இடிக்குமளவு குனிந்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"சும்மா வெளிச்சமா இருக்கு," என்றார். "அங்கயும் இப்படித்தான் மாமா இருந்துச்சு."

நான் அறிந்தவை இவ்வளவே. நான் கடலோடி அல்லேன். கண் மருத்துவம் கற்றவனும் அல்லேன். உறைபனியின் இயல்பையோ விழித்திரையின் இயல்பையோ இங்கே தவறாகச் சொல்லியிருந்தால் துறை அறிந்தோர் திருத்தவேண்டுகிறேன். கோள வடிவியலில் நான் ஆண்ட சொற்களைவிடப் பொருந்துவன இருந்தால் தெரிவியுங்கள். வில்லின் கணக்கை எவரும் நூல்கொண்டு சரிபார்க்கலாம். அக்கப்பலில் அப்பயணத்தில் இருந்தவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்க்கு ஒரு தனி வேண்டுகோள். நான் குறித்தனுப்பிய படம் எவ்வகையிலும் உங்களுக்குப் பயன்படவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். நான் அறிந்தவரை அது சரி. அது பிழையாயின், அந்தப் பிழையை முதலில் திருத்துங்கள்.